துவக்கு முதுசமாகலாம், உரிமம் முதுசமாகாது

மாடு விற்பவன் கயிறு மாற்றிக் கொடுக்கிறான். காணி விற்பவன் நொத்தாரிசின் முன்னிலையில் உறுதி முடிக்கிறான். வண்டில் விற்பவன் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு படலையைச் சாத்துகிறான். இம்மூன்று விற்பனைகளையும் நம் முன்னோர் செய்தனர். நாமும் செய்து வருகிறோம். ஆனால் வீட்டு மூலையிலே சாத்தி வைத்திருக்கும் பழைய துவக்கை விற்கப் புகுபவன் இம்மூன்று வழிகளுள் எதைப் பின்பற்றினாலும் பிழையே செய்தவனாவான். கயிறு மாற்றுவதுபோலக் கைமாற்றினால் அது குற்றம். உறுதி முடித்தால் அவ்வுறுதி அவனைக் காவாது. பணத்தை வாங்கிக்கொண்டு படலையைச் சாத்தினாலோ, சில மாதங்களில் அதே படலையைப் பொலிஸார் வந்து தட்டுவர்.

இதை நாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. பன்றிக்கும் குரங்குக்கும் பயந்து, கமத்தைக் காக்கவென உரிமம் பெற்றுத் துவக்கு வைத்திருந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. பிள்ளைகளுள் ஒருவர் கொழும்பிலே வைத்தியராகவோ கணக்காளராகவோ இருக்கிறார். மற்றவர் கடல் கடந்து சென்றுவிட்டார். இரவு முழுதும் பரணிலே விழித்திருக்க ஆளில்லை. துவக்கு மட்டும் வீட்டிலே கிடக்கிறது. இதே வேளையில் அடுத்த ஊரிலே இளங் கமக்காரன் ஒருவன், காலபோகத்திலே விதைத்த வயலைப் பன்றி உழுதுவிட்டுப் போவதைக் கண்டு கையைப் பிசைந்து நிற்கிறான். ஒருவருக்கு வேண்டாத பொருள் மற்றவருக்கு வேண்டியிருக்கிறது. விற்பதும் வாங்குவதும் இயல்பே. அதை எவ்வாறு செய்வது என்பதிலேதான் நம்மவர் பலர் இடறி விழுகின்றனர்.

எம்மிடம் வந்த வழக்கொன்றைச் சொல்வோம். வன்னியின் காட்டோரக் கமக்காரர் ஒருவர், நேர்மையானவர். ஆண்டின் தொடக்கத்திலே தம் துவக்கின் உரிமத்தைப் புதுப்பித்தார். பங்குனி மாதம் மகளின் திருமணச் செலவுக்காக அதனை அறிமுகமான ஒருவருக்கு விற்றார். முத்திரை ஒட்டிய கடதாசியிலே இருவரும் கையொப்பமிட்டனர், சாட்சிகளும் ஒப்பமிட்டனர். "இனி அது அவர் பொறுப்பு" என்று அவர் நிம்மதியாக இருந்தார். ஆவணியிலே காட்டுப் பாதையொன்றிற் கட்டப்பட்டிருந்த துவக்கு வெடித்து ஓர் ஏழையின் காலைச் சிதைத்தது. துவக்கின் இலக்கத்தைப் பொலிஸார் பதிவேட்டிலே தேடினர். அங்கே இருந்தது வாங்கியவரின் பெயரன்று, விற்றவரின் பெயர். தம் குற்றமின்மைக்குச் சான்றென்று அவர் எடுத்து நீட்டிய அந்தக் கடதாசியே, உரிமமில்லாதவரிடம் துவக்கைக் கொடுத்தார் என்பதற்கு அவர் கையாலே எழுதிய ஒப்புதலாயிற்று. சாட்சிகளின் பெயரும் அதிலே இருந்தமையால் அவர்களும் நீதவான் மன்றத்தின் வாசலை மிதிக்க நேர்ந்தது.

அவர் செய்த பிழை பேராசையாலன்று, அறியாமையாலே நேர்ந்தது. ஆனால் சட்டத்தை அறியாமை தண்டனையினின்று தப்பும் வழியாகாது என்பதைச் சட்டம் பயின்ற நாம் சொல்லியே தீரவேண்டும்.

சட்டம் யாது? இந்நாட்டிலே துவக்குகளை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். நூறாண்டு கடந்தும், பலமுறை திருத்தப்பட்டு, அதுவே நடைமுறையில் இருக்கின்றது. அதன் அடிப்படை எளியது. உரிமம் இன்றி எவரும் துவக்கைத் தம் உடைமையிலோ காவலிலோ வைத்திருத்தலாகாது, பயன்படுத்துதலும் ஆகாது. உரிமம் ஒரு துவக்கைக் குறித்து ஒரு மனிதருக்கு வழங்கப்படுவது. துவக்கு எங்கே சென்றாலும் அதன் பின்னே செல்லும் வாலன்று அது. மேலும் அது ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. டிசெம்பர் 31ஆம் திகதியோடு அதன் ஆயுள் முடிகின்றது. புதுப்பிக்காதவர், நேற்றுவரை சட்டப்படி வைத்திருந்தவராயினும், இன்று சட்டத்திற்கு மாறாக வைத்திருப்பவரே.

1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கிற்று. தன்னியக்கத் துப்பாக்கிகளையும் றிப்பீற்றர் வகையையும் சட்டவிரோதமாக வைத்திருப்போர்க்கு ஆயுட்கால மறியலும் விதிக்கப்படலாம் என்ற நிலை அதனால் வந்தது. "பழைய துவக்குத்தானே" என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தமிழர்க்கு இதிலே இன்னொரு கவலையும் உண்டு; அதை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. உரிமமில்லாத துவக்கு தெற்கிலே ஒரு கமக்காரர் வீட்டிலே அகப்பட்டபோது அது சுடுகலன் வழக்கோடு நின்றது. வடக்கிலும் கிழக்கிலும் அகப்பட்டபோதோ, "யாருக்காக வைத்திருந்தாய்?" என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், அதிகாரமின்றிச் சுடுகலன்களைச் சேகரிப்பதையும், பாதுகாப்புப் பிரதேசமென அறிவிக்கப்பட்ட இடங்களிலே அவற்றை வைத்திருப்பதையும் தன் குற்றங்களுள் அடக்கிற்று. சாதாரண சாட்சியச் சட்டத்தின்படி பொலிஸாரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் மன்றிலே செல்லாது. அச்சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைச் செல்லுபடியாக்கிற்று. அதன்கீழ் நம் இளைஞர் எத்தனை பேர் எத்தனை ஆண்டுகளை இழந்தனர் என்பதை இவ்வேட்டின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்த அநீதியை எதிர்த்துப் பேசும் நாமே, அதற்குப் பிடி கொடுக்கும் செயலை அறியாமையினாலே செய்யலாமா?

இனி, பிதிரார்ச்சிதம் பற்றிய மயக்கத்தைத் தெளிவாக்குவோம். தேசவழமையின் வழி வந்த நாம் சொத்தை முதுசம் என்றும், சீதனம் என்றும், தேடியதேட்டம் என்றும் பிரித்தறிவோம். தந்தை இறந்தால் அவர் விட்டுச்சென்ற துவக்கும் ஓர் அசையும் பொருளே. அதன் பெறுமதி அவர் சொத்திலே சேரும். ஆனால் துவக்கு முதுசமாக வரலாம். உரிமம் முதுசமாக வாராது. தந்தையின் உரிமம் தந்தையோடு முடிந்தது. முப்பத்தோராம் நாட் கிரியை முடித்துவிட்டுக் கொழும்புக்குப் புறப்படும் மகன், துவக்கைத் தாயின் பொறுப்பிலே விட்டுச் செல்வானாயின், அந்த முதிய தாயையே உரிமமில்லாத் துவக்கின் காவற்காரியாக்கிச் செல்கிறான். கொழும்பிலே உயர்பதவி வகிக்கும் எத்தனையோ கல்விமான்கள் இதனை எண்ணிப் பார்த்ததேயில்லை. இறப்பை உடனே கச்சேரிக்கும் அயலிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் எழுத்திலே அறிவித்து, துவக்கு தற்போது எங்கே வைக்கப்பட வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்திலே பற்றுச்சீட்டுடன் ஒப்படைப்பதே அறிவுடைமை. விற்பனையைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னர்தான்.

பிற நாடுகள் இதனை எவ்வாறு நடத்துகின்றன என்று நோக்கின் நமக்குத் தெளிவு பிறக்கும். அண்டை நாடாகிய இந்தியாவிலே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தம் சொந்தத் தேவைக்கென உரிமத்துடன் வைத்திருக்கும் துப்பாக்கியைத் தனி மனிதர் விற்பதற்கு இடமளிக்கிறது. ஆனால் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட நீதவானுக்கோ அயலிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கோ முதலில் எழுத்திலே அறிவித்து, 45 நாட்களேனும் கழிந்த பின்னரே கைமாற்றலாம். இங்கிலாந்திலே வாங்குபவர் தம் சான்றிதழைக் காட்டவேண்டும். விற்றவரும் வாங்கியவரும் 7 நாட்களுக்குள் பொலிஸுக்கு அறிவித்தல் வேண்டும். அமெரிக்காவிலோ கூட்டாட்சிச் சட்டம் வேறுவிதமானது. உரிமம் பெற்ற வணிகர் விற்கும்போது வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டுமென 1993ஆம் ஆண்டின் பிறேடிச் சட்டம் விதித்தது. ஒரே மாநிலத்தில் வாழும் தனி மனிதர் இருவரிடையே நடக்கும் விற்பனைக்கு அவ்விதியில்லை. சில மாநிலங்கள் தம் சட்டத்தால் அந்த ஓட்டையை அடைத்துள்ளன, பல அடைக்கவில்லை. விளைவு யாது? குற்றமொன்றிலே அகப்பட்ட துப்பாக்கியின் தடத்தைப் பின்பற்றிச் செல்லும் அதிகாரிகள், அதை முதலில் வாங்கியவர் வரை செல்கின்றனர். அவர் தனிப்பட விற்றிருந்தால் அப்பாலுள்ள தடம் மணலிலே மறைந்துவிடுகிறது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளும் பாடம் ஒன்றே. துவக்கு விற்பனை என்பது பொருள் கைமாறுவதன்று. பதிவேட்டிலே பெயர் மாறுவது. பெயர் மாறும்வரை விற்றவன் விடுதலை பெற்றவனல்லன்.

அவ்வாறாயின் விற்க விரும்பும் கமக்காரர் செய்யவேண்டியவை எவை?

முதலாவது, வாங்குபவரைத் தேடுமுன் கச்சேரியை நாடுக. உமது உரிமம் நடப்பாண்டுக்குரியதா, அதிலுள்ள இலக்கமும் துவக்கிற் பொறித்த இலக்கமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்க. இலக்கத்திலே ஓரெழுத்துப் பிழையிருப்பினும் விற்பனைக்கு முன்னரே திருத்துவிக்க வேண்டும். பின்னர், "இத் துவக்கைக் கைமாற்ற விரும்புகிறேன்" என உரிமம் வழங்கும் அதிகாரிக்கு எழுதி, அதற்கான நடைமுறையைக் கேட்டறிக. கடிதத்தின் பிரதியொன்றிலே கிடைத்த திகதி முத்திரையைப் பெற்று வைத்திருக்க மறவாதீர்.

இரண்டாவது, வாங்குபவர் உரிமத்துக்கு அனுமதி பெற்றவராக இருத்தல் வேண்டும். "பிறகு எடுத்துக்கொள்வேன்" என்பவரிடம் பேச்சையே வளர்க்க வேண்டாம். அயலவர், உறவினர், மைத்துனர் என்ற எந்த உறவும் உரிமத்தின் இடத்தை நிரப்பாது. உரிமம் இருந்தாலும், மதுவெறியும் காணிச் சண்டையும் உடையவரென ஊரறிந்த ஒருவருக்கு விற்பதைத் தவிர்ப்பீராக. சட்டம் தடுக்காததையும் மனச்சாட்சி தடுக்கலாம். தமக்கென்று சொல்லி வேறொருவருக்காக வாங்க வருபவரையும் இனங்கண்டு கொள்ளுங்கள். பணம் ஒருவரின் மடியிலிருந்தும் கையொப்பம் மற்றொருவரின் கையிலிருந்தும் வருமாயின், அங்கே ஏதோ மறைவு இருக்கிறது.

மூன்றாவது, பேரத்தை நிபந்தனையோடு எழுதுக. அசையும் பொருள்களின் விற்பனையை ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அதன்கீழ் விலையை இன்று பேசிக்கொள்ளலாம், ஆனால் "உரிய அதிகாரியின் அனுமதி எழுத்திலே கிடைத்த பின்னரே உடைமை மாறும், அனுமதி மறுக்கப்பட்டால் முற்பணம் திருப்பித் தரப்படும்" என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருத்தல் வேண்டும். அனுமதியின்றி விற்றுவிட்டு, மிகுதிப் பணம் வரவில்லையென்று வழக்காட எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வோம்: சட்டத்திற்கு மாறான பேரத்தின் பணத்தை நீதிமன்றம் வாங்கித் தராது.

நான்காவது, பொருளின் தன்மையை உண்மையாகச் சொல்லுக. நல்ல விலைக்கு அதுவே வழி. துவக்கைத் துடைத்து, வெற்றாக்கி, குழலைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினால், உட்புறத் துருப்புள்ளிகளும் வெளிப்புற நெளிவும் கண்ணுக்குத் தெரியும். குழலும் கட்டையும் பொருந்தும் மூட்டிலே ஆட்டமிருந்தால் மறைக்க வேண்டாம். நம்மவரிடமுள்ள போர 12 ரக இரட்டைக்குழற் துவக்குகளுள் பழைய ஆங்கிலேயத் தயாரிப்புகளும் உண்டு. அவற்றுட் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குல நீளத் தோட்டாவுக்கென அமைந்தது. இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவை அதிலே போட்டால் அமுக்கம் அளவு கடக்கும். இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் செய்த தமாஸ்கஸ் குழல்கள் பெரும்பாலும் கருமருந்துக் காலத்துக்குரியவை. இன்றைய புகையற்ற மருந்தின் வேகத்துக்கு அவை வெடித்துச் சிதறக்கூடும். குழலடியிலே பொறித்துள்ள சோதனை முத்திரைகள் இவற்றை அறிந்தவருக்கு விளக்கும். துவக்குத் திருத்தும் தொழில் அறிந்த ஒருவரிடம் காட்டி, அவர் சொல்வதை வாங்குபவருக்கும் சொல்லிவிடுங்கள். மறைத்து விற்ற துவக்கு வாங்கியவனின் முகத்திலே வெடிக்குமாயின், அந்தப் பாவத்துக்கு எந்த விலை ஈடாகும்?

ஐந்தாவது, அறியாதவர்க்கு வீட்டிலே துவக்கைக் காட்டாதீர். சந்தையிலும் தேநீர்க் கடையிலும் "என்னிடம் ஒரு துவக்கு விற்பனைக்கு உண்டு" என்று பறை சாற்றுவது திருடனுக்கு முகவரி கொடுப்பதாகும். நம்பிக்கையானவர்களின் மூலம் விசாரித்து, முதற்பேச்சை வேறிடத்திலே வைத்து, உரிமக் கடதாசியைக் கண்ட பின்னரே பொருளைக் காட்டுக.

ஆறாவது, கையளிப்பதை அதிகாரி சொல்லும் இடத்திலும் முறையிலுமே செய்க. பணமும் பொருளும் அன்றே மாறட்டும். உமது உரிமத்திலிருந்து அத் துவக்கு நீக்கப்பட்டதற்கும், வாங்கியவரின் பெயரிலே பதியப்பட்டதற்கும் எழுத்துமூலச் சான்று பெறாமல் வீடு திரும்ப வேண்டாம். அதனைக் காணி உறுதி வைக்கும் பெட்டியிலே வைத்துப் பாதுகாப்பீராக. எஞ்சிய தோட்டாக்களை அன்பளிப்பாகச் சேர்த்துக் கொடுப்பதும் பிழை. அவற்றை என்செய்வதென்று அதே அதிகாரியிடம் கேட்டு, அவர் சொல்லுமாறு செய்க.

வாங்குவார் ஒருவரும் கிடைக்கவில்லையா? கிணற்றிலே போடுவதும் தோட்டத்திலே புதைப்பதும் வழியல்ல. போர் முடிந்த மண்ணிலே அகழும்போது வெளிப்படும் ஒவ்வோர் இரும்பும் ஒரு விசாரணையைக் கொண்டுவரும். பற்றுச்சீட்டுப் பெற்று அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். சில ஆயிரம் ரூபாய் நட்டமாகலாம், நித்திரை மிஞ்சும்.

இரவல் பற்றியும் ஒரு சொல். "இரண்டு நாளைக்குத் தா, பன்றி வருகிறது" என்று அயலவர் கேட்பார். மறுப்பது கடினம், ஆயினும் மறுத்தேயாக வேண்டும். இரவலும் கைமாற்றமே. அவ்வாறு போன துவக்குகளே பாதையோரத்திற் கட்டுத்துவக்காக மாறுகின்றன. கட்டுத்துவக்குக்குப் பன்றியும் மனிதனும் ஒன்று. யானையும் கன்றும் ஒன்று. விறகுக்குப் போன பெண்ணும் தேன் எடுக்கப் போன தந்தையும் அதற்கு இரையாகியிருக்கின்றனர்.

இதுவரை கமக்காரரின் கடமையைச் சொன்னோம். இனி அரசாங்கத்தின் கடமையைச் சொல்வோம். "நீங்கள் சொல்லும் வழியிலே போனால் ஆண்டுக்கணக்கிலே அலையவேண்டும்; அதனாலன்றோ மக்கள் கைமேலே விற்கின்றனர்" என்று வாசகர் கேட்பர். அக்கேள்வி நியாயமானதே. எம்மிடம் வந்தோர் பலர் ஒரே விண்ணப்பத்துக்காகப் பல தடவை படியேறியவர்கள். அவர்களுக்கு வந்த பதில்களுள் தனிச் சிங்களத்தில் எழுதப்பட்டவையும் இருந்தன. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழியென அரசியலமைப்புச் சொல்கிறது. உம் விண்ணப்பத்தைத் தமிழிலே எழுத உமக்கு உரிமை உண்டு. பதிலையும் தமிழிலே பெற உரிமை உண்டு. புரியாத மொழியிலே வந்த படிவத்திலே, பிறர் சொல்லிய இடத்திலே கையொப்பமிடாதீர். மாதக்கணக்கிலே பதில் இல்லையாயின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் "என் விண்ணப்பம் எந்நிலையில் இருக்கிறது?" என்று கேட்பீராக. 14 வேலை நாட்களுக்குள் அக்கோரிக்கை மீது முடிவு சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பன நான்கு. கைமாற்ற விண்ணப்பத்துக்கு இத்தனை நாட்களுக்குள் விடை என்று ஒரு கால எல்லை வேண்டும். படிவமும் அறிவுறுத்தலும் தமிழிலே, கிராம அலுவலர் பணிமனையிலேயே கிடைத்தல் வேண்டும். விற்பனை முடியும்வரை துவக்கைப் பாதுகாப்பிலே வைத்திருக்கப் பற்றுச்சீட்டுடன் கூடிய ஒழுங்கு வேண்டும். இறந்தவரின் துவக்கைத் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைக்கும் குடும்பத்தாரைக் குற்றவாளிகளாக நோக்காமல், அவர்க்கு அவகாசம் அளித்தல் வேண்டும். இவை சலுகைகளல்ல. நேரிய வழி நெடிதாக இருக்குமாயின் மக்கள் குறுக்கு வழியை நாடுவர். குறுக்கு வழியிலே போன துவக்கு யார் கையிற் போய்ச் சேரும் என்பதை எந்த அமைச்சும் அறியாது. 2024 நவெம்பரிலே பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு கேட்டது. பதிவேடு சரியாக இருந்தாலன்றோ அத்தகைய அழைப்புக்குப் பொருளுண்டு? பதிவேட்டைச் சரியாக வைத்திருக்க உதவும் குடியானவனை அலைக்கழிப்பது அரசாங்கம் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்வதாகும்.

நம் சட்டத்தரணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கமக்காரர் அமைப்புகள் கூடும் நாளிலே ஒரு மணி நேரம் சென்றிருந்து, அவர்களின் உரிமங்களை வாங்கிப் பார்த்து, விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வழக்கு வந்தபின் மன்றிலே நின்று பேசும் பேச்சைவிட, வழக்கு வராமற் காக்கும் ஒரு கடிதம் பெரிய தொண்டாகும்.

முதுமை எய்திய கமக்காரர் தம் துவக்கை முறைப்படி ஓர் இளங் கமக்காரனுக்கு விற்பாராயின், அவர் பயமின்றி உறங்குவார். இவனுடைய வயல் காக்கப்படும். காட்டுப் பாதையிலே ஒரு கட்டுத்துவக்குக் குறையும். ஆகவே, டிசெம்பர் 31 வருமுன் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து உரிமக் கடதாசியை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள பெயருக்குரியவர் உயிருடன் இருக்கிறாரா? அதிலுள்ள துவக்கு அவர் வீட்டிலே இருக்கிறதா? இரண்டிலொன்றுக்கு "இல்லை" என்பது விடையாயின், நாளையே கச்சேரிக்குப் புறப்படுங்கள்.